பெத்தக்கல் பங்களா

பெத்தக்கல் பங்களா என்பது நீலகிரி மாவட்டம் கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கு என்னும் சிற்றூரில், கிழக்கிந்தியக் கம்பெனியின் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் (1788–1855) 1819ஆம் ஆண்டில் கட்டிய வீடாகும். நீலகிரி மலைமேல் ஐரோப்பியர் எழுப்பிய வீடுகளில் முதலாவதாகக் கருதப்படும் இது, இன்று அவர் பெயரில் நினைவகமாகவும், நீலகிரி ஆவண மையத்தின் இருப்பிடமாகவும், சிறியதோர் அருங்காட்சியகமாகவும் விளங்குகிறது.

மலையில் நிற்கும் வீடாயினும் இதன் வரலாறு கொங்குச் சமவெளியில்தான் தொடங்குகிறது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கோயம்புத்தூர்ச் சீமை கம்பெனியின் கைக்கு வந்தது. நீலகிரியும் அதன் ஒரு பகுதியாக எண்ணப்பட்டு, மலைவாழ் மக்களின் நிலவரி கோயம்புத்தூர்க் கணக்கிலேயே சேர்க்கப்பட்டது. வரி வந்துகொண்டிருந்ததே தவிர, மலையின் உட்பகுதியைப் பற்றி அதிகாரிகளுக்குத் தெரிந்தது மிகக் குறைவு. இயேசு சபைத் துறவி ஃபெனிசியோ 1603இலேயே தோடரைச் சந்தித்துக் குறிப்பு எழுதியிருந்தும், 1812இல் கீஸ், மக்மஹோன் என்னும் நில அளவையாளர் இருவர் மலையேறி அறிக்கை தந்திருந்தும், அவற்றால் உடனடி விளைவு ஏதும் நிகழவில்லை. 1818இல் சல்லிவனின் உதவி அதிகாரிகளான விஷ், கிண்டர்ஸ்லி ஆகியோர் மேலே சென்று திரும்பி, அங்குள்ள குளிரையும் புல்வெளிகளையும் விவரித்த பின்னரே கலெக்டரின் ஆர்வம் தூண்டப்பட்டது.

1819 ஜனவரித் தொடக்கத்தில் சல்லிவன், இன்றைய மேட்டுப்பாளையத்தை அடுத்துப் பவானிக் கரையில் உள்ள சிறுமுகையிலிருந்து புறப்பட்டு, படகர் ஊரான திம்பட்டியை அடைந்தார். அதே ஆண்டில் மீண்டும் ஏறியபோது பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் லெஷெனோ த லா தூரும் உடன் சென்றார். சமவெளியில் நலிந்திருந்த அவரது உடல்நிலை மலையில் தேறியது, அக்காலத்தில் காய்ச்சலுக்கு அஞ்சி வாழ்ந்த ஐரோப்பியரிடையே பெரிய செய்தியாயிற்று. திம்பட்டியை ஒட்டிய கன்னேரிமுக்கில் வீடு எழுந்தது இந்தப் பின்னணியில்தான். இங்கே உருளைக்கிழங்கு முதலிய ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்த சல்லிவன், இம்மலையை நோயுற்ற படைவீரர் உடல் தேறும் இடமாக்க வேண்டும் என்று சென்னை அரசிடம் தொடர்ந்து வற்புறுத்தினார். ஆகவே இதனை ஓர் அதிகாரி கோடையைக் கழிக்கக் கட்டிய மாளிகை என்று மட்டும் கொள்வது பொருந்தாது.

வீட்டுக்கு வழி வேண்டியிருந்தது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பகுதிக்குச் செல்லும் பாதை, லெப்டினன்ட் எவன்ஸ் மக்பர்சனின் மேற்பார்வையில் சிறைக் கைதிகளின் உழைப்பைக் கொண்டு அமைக்கப்பட்டு 1823இல் முடிவுற்றது. நீலகிரியைக் ‘கண்டுபிடித்தவர்’ என்று சல்லிவனைப் போற்றும் நூல்கள் இக்கைதிகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. படகர், கோத்தர், தோடர், குறும்பர், இருளர் ஆகியோர் நெடுங்காலமாக வாழ்ந்துவந்த மலையைக் ‘கண்டுபிடித்தல்’ என்பதும் ஆட்சியாளர் பார்வையில் மட்டுமே பொருள்படக்கூடியது.

பெத்தக்கல்லின் முதன்மை நெடுநாள் நீடிக்கவில்லை. மேலும் மேற்கே, தோடரின் மேய்ச்சல் நிலம் பரந்திருந்த உதகமண்டலத்தில் 1822இல் சல்லிவன் கல்வீட்டைக் கட்டத் தொடங்கினார். அதற்கான நிலத்தைத் தோடரிடமிருந்து ஏக்கருக்கு ஒரு ரூபாய் வீதம் வாங்கியதாகக் கூறப்படுகிறது. தோடருக்கே நிலத்தின் முழு உரிமை உண்டு என்று அரசிடம் வாதாடியவரும், அவர்களிடமிருந்து பெருமளவு நிலம் பெற்றவரும் ஒருவரே என்பது அவரது வாழ்க்கையை எழுதுவோர் கடந்துபோக முடியாத முரண். ஏரி வெட்டப்பட்டு, வீடுகள் பெருகி, உதகை வளர்ந்தபோது கன்னேரிமுக்கு வழியிலிருந்து விலகிப்போயிற்று. பிற்காலத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாகச் சாலையும், 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டிய மலை ரயிலும் அமைந்ததால், கோயம்புத்தூரிலிருந்து துடியலூர், காரமடை வழியாக வடக்கே செல்லும் போக்குவரத்தில் பெரும்பகுதி அப்பக்கமே திரும்பியது.

இவ்விரு வீடுகளின் பிற்காலக் கதை பழைய கட்டடங்களைக் காப்பதன் இருவேறு சிக்கல்களைக் காட்டுகிறது. உதகையின் கல்வீடு எப்போதும் ஏதேனும் ஒரு பயனில் இருந்தது: கோடைக்காலத்தில் சென்னை அரசின் அலுவல்களுக்கு இடம் தந்த வளாகத்தின் பகுதியாகி, பின்னர் 1955இல் தொடங்கப்பட்ட அரசு கலைக் கல்லூரிக்கு உரியதாயிற்று. பயனில் இருப்பதால் கூரை ஒழுகினால் கவனிக்க ஆள் இருக்கும். ஆனால் ஒவ்வொரு தலைமுறையின் தேவைக்கும் ஏற்ப மாறுதல்களும் சேரும். பெத்தக்கல் பங்களாவோ கேட்பாரின்றிச் சிதைந்தது. அதனை இடித்துப் புதிது கட்ட எவருக்கும் தேவை எழாததால் மிஞ்சிய பகுதி பெரிதும் பழைய நிலையிலேயே இருந்தது. மழை அதையும் கரைத்துக்கொண்டிருந்தது.

2002ஆம் ஆண்டளவில், அப்போதைய நீலகிரி மாவட்ட ஆட்சியர் சுப்ரியா சாகுவின் முயற்சியால் வீடு சீரமைக்கப்பட்டது. மூலக் கட்டுமானத்தோடு ஒத்துப்போகும் பொருள்களைக் கொண்டு, பழைய வடிவத்தையும் நிறத்தையும் மீட்பதே நோக்கமாக இருந்தது. இது வெறும் அழகுணர்ச்சி சார்ந்த முடிவு அன்று. மண்ணும் சுண்ணாம்பும் கலந்த பழஞ்சுவர்கள் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடும் இயல்புடையவை. அவற்றின்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு உதிர்வதோடு சுவரும் வலுவிழக்கும். ஆண்டில் இரு பருவமழையும் பெறும் மலைப்பகுதியில் இப்பிழையின் விளைவு விரைவில் தெரிந்துவிடும். பழைய வீடுகளைப் ‘புதுப்பிக்கும்’ ஆர்வத்தில் சிமெண்டை அள்ளிப் பூசுவது தமிழ்நாட்டில் இன்றும் பரவலாக நிகழ்வதால், இங்கு கடைப்பிடித்த முறை குறிப்பிடத்தக்கது.

சீரமைப்புக்குப் பின் வீடு பூட்டிவைக்கப்படாமல் ஆவண மையத்தின் பொறுப்பில் வந்தது. சல்லிவன் பற்றிய செய்திகளோடு, மலையின் பழங்குடியினர், படகர் ஆகியோரின் வாழ்க்கையைக் காட்டும் படங்களும் பொருள்களும் இங்குள்ளன. சல்லிவன் தம் இறுதிக் காலத்தை இங்கிலாந்தில் கழித்து 1855இல் இறந்தார். அவருக்கு முன்பே 1838இல் இறந்த மனைவி ஹென்ரியட்டாவும் மகளும் உதகை புனித ஸ்டீபன் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.