மரி அரேலின் சிலையும் வெள்ளைப் பூஞ்சணமும்

ஒரு சின்னக் கணக்கு. மரி அரேல் என்ற பெண் பிறந்தது 1761இல். அவர் 'கண்டுபிடித்த' பாற்கட்டியின் பேர் ஒரு பிரெஞ்சு அகராதியில் அச்சேறியது 1708இல். அதாவது கண்டுபிடித்தவர் பிறக்க 53 வருசத்துக்கு முதலே அந்தப் பாற்கட்டி சந்தையில் விற்பட்டிருக்கிறது. ஆனாலும் அந்தப் பெண்ணுக்குச் சிலை இருக்கிறது, அதுவும் ஒன்றில்லை, இரண்டு.

பாற்கட்டியின் பேர் கமம்பேர். பிரான்சில் சொந்தக்காரர் இருக்கிற ஆக்களுக்கு இது தெரிந்திருக்கும். சின்ன வட்ட மரப்பெட்டி, திறந்தால் வெள்ளை வெல்வெட் மாதிரித் தோல், உள்ளே மஞ்சளாய்க் கசியும் பால்களி. மணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அது அவரவர் துணிவு. கமம்பேர் என்றது நோர்மண்டிப் பகுதியில் உள்ள ஒரு சின்னக் கிராமம். எங்கட 'கமம்' என்ற சொல்லுக்கும் அதுக்கும் ஒரு சொந்தமும் கிடையாது. ஆனால் இந்தப் பாற்கட்டி உண்மையிலேயே கமத்து வீடுகளில், கமக்காரப் பெண்களின் கையில் பிறந்ததுதான்.

கதை இப்படிப் போகும். பிரெஞ்சுப் புரட்சி நடக்கிறது. 1790இல் வந்த சட்டப்படி குருமார் எல்லாரும் அரசுக்கு விசுவாசமாய்ச் சத்தியம் செய்ய வேண்டும். செய்ய மறுத்தவர்கள் ஒளித்துத் திரிந்தார்கள். அப்படி ஒளித்த ஒருவர், பொன்வூ என்ற குருவானவர், 1796இல் கமம்பேருக்குப் பக்கத்தில் மரி அரேல் வேலை செய்த பண்ணைக்கு வந்து சேர்ந்தார். அவர் பிரீ பகுதிப் பாற்கட்டியின் பக்குவத்தைச் சொல்லிக் கொடுக்க, மரி அதை நோர்மண்டிப் பாலில் செய்து பார்க்க, கமம்பேர் பிறந்தது. குருவானவர், புரட்சி, நல்ல மனசுள்ள கமக்காரி என்று ஒரு படத்துக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கு.

சிக்கல், தோமா கோர்னெய் 1708இல் வெளியிட்ட புவியியல் வரலாற்று அகராதி. பக்கத்து ஊரான விமூத்தியேயின் சந்தைக்கு லிவரோ, கமம்பேர் பாற்கட்டிகள் வருவதாக அதில் எழுதியிருக்கிறார். அந்தக் கமம்பேரும் இன்றைய கமம்பேரும் ஒன்றா என்றது வேற கேள்வி. ஆனால் ஒரு கிராமத்தின் பேர் அகராதியில் ஏறுகிற அளவுக்கு அங்கே பாற்கட்டி செய்யத் தெரிந்த கைகள் இருந்திருக்கின்றன. அந்தக் கைகளில் ஒன்றின்ட பேர்கூட எங்களிட்ட இல்லை.

அந்தக் கைகள் என்ன செய்தன என்று பார்த்தால்தான் இதை ஒருவர் ஒரே நாளில் 'கண்டுபிடிக்க' ஏலாது எண்டு விளங்கும். தயிர் என்றால் உறை ஊற்றி மூடி வைத்துவிட்டுப் படுக்கலாம். இது அப்படியில்லை. கறந்த பாலை இளஞ்சூட்டில் வைத்து, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளைச் சேர்க்க வேண்டும். இறுகிய பாலை உடைக்காமல் அகப்பையால் அள்ளி, அடியில்லாத வட்ட அச்சில் ஊற்ற வேண்டும். ஒரேயடியாக நிரப்பக்கூடாது. ஒரு அகப்பை ஊற்றி, நீர் வடிய விட்டு, பிறகு அடுத்தது. இன்றைக்கும் 'நோர்மண்டிக் கமம்பேர்' என்ற சட்டபூர்வமான பேரில் விற்க வேண்டும் என்றால் குறைந்தது ஐந்து தரம், ஒவ்வொன்றுக்கும் இடையில் 40 நிமிசமாவது விட்டு ஊற்ற வேண்டும் என்று விதி இருக்கிறது. இரண்டு லீற்றருக்கு மேற்பட்ட பால் கடைசியில் 250 கிராம் கட்டியாய்ச் சுருங்கும். பாரம் வைத்து அமத்துவதும் இல்லை. தன் பாரத்திலேயே அது வடிய வேண்டும்.

பிறகு உப்பு. பிறகு காற்றோட்டமான அறையில் அடுக்கி, பிரட்டிப் பிரட்டிப் பார்த்துக்கொண்டு மூன்று கிழமைக்குக் கிட்டக் காத்திருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பூஞ்சணம் வருகிறது. அது மேற்பரப்பில் வளர்ந்து, அங்கே இருக்கிற புளிப்பைத் தின்னும். புளிப்புக் குறையக் குறைய அதன் நொதியங்கள் பாலின் புரதத்தை உடைக்கத் தொடங்கும். அதனால்தான் கமம்பேர் வெளியிலிருந்து உள்ளுக்குள் கனிகிறது. ஓரம் களியாகியும் நடு இன்னும் சுண்ணாம்புக் கட்டி போலவும் இருந்தால் அது பிஞ்சு. அமோனியா மணம் தூக்கியடித்தால் எல்லை கடந்துவிட்டது என்று அர்த்தம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சில நாட்களைப் பிடிக்கிறது விரலால் அமத்திப் பார்த்துப் பழகிய ஆக்களுக்குத்தான் தெரியும். நோர்மண்டியில் பால் வேலை பெண்களின் வேலை. எழுதி வைத்த குறிப்பு அல்ல, தாயிடமிருந்து மகளுக்குப் போன பழக்கம். வரலாற்றுப் பாடத்தில் 'மூலாதாரம் எங்கே?' என்று கேட்கிற கேள்விக்கு இப்படியான வேலைகள் எப்போதும் தோற்றுத்தான் போகின்றன.

இதைச் சொல்வதால் மரி அரேல் கட்டுக்கதை என்று ஆகாது. அவர் இருந்தார், நல்ல பாற்கட்டியும் செய்திருப்பார். அவருடைய மகளும் பேரப்பிள்ளைகளும் அதையே தொழிலாக்கினார்கள். 1855இல் பாரிஸிலிருந்து ரயில் பாதை வந்ததும், நாட்கணக்கில் போன சாமான் மணித்தியாலக் கணக்கில் தலைநகரச் சந்தைக்குப் போனது. 1890இல் ரிடெல் என்ற பொறியியலாளர் மெல்லிய மரத்தட்டில் வட்டப்பெட்டி செய்து கொடுத்தார். அதுவரை வைக்கோலில் சுற்றிப் போன மெத்தென்ற கட்டி, நசியாமல் கடல் கடக்கத் தொடங்கியது. முதலாம் உலகப்போரில் அகழிகளில் கிடந்த சிப்பாய்களுக்குப் பெட்டி பெட்டியாகப் போய், நோர்மண்டிக்கு வெளியில் உள்ள கமத்துப் பெடியன்களுக்கும் பழகிவிட்டது. ஒரு பிரதேசத்தின் சாப்பாடு நாட்டின் சாப்பாடு ஆனது இப்படித்தான்.

நாடு முழுக்க விரும்பினால் நாடு முழுக்கச் செய்யத்தானே பார்ப்பார்கள்? நோர்மண்டி உற்பத்தியாளர்கள் 1909இல் சங்கம் அமைத்து, இந்தப் பேர் எங்களுக்கு மட்டும்தான் என்று வாதாடினார்கள். 1926 தொடக்கத்தில் ஓர்லியோன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு மறுத்துவிட்டது: கமம்பேர் என்பது ஒரு வகையின் பேர், யாரும் எங்கும் செய்யலாம்.

அதே வருசம், சில கிழமைகளிலேயே, நியூயோர்க்கிலிருந்து ஜோசப் நிரிம் என்ற டொக்டர் விமூத்தியேக்கு வந்து இறங்கினார். தன்ர வயிற்று நோய் கமம்பேர் சாப்பிட்டுத்தான் குறைந்தது, அதைத் தந்த மரி அரேலுக்கு நினைவுச்சின்னம் வைக்க வேண்டும் என்றார். ஊர்க்காரருக்கு இது பெரிய ஆச்சரியம். ஆனால் நேரம் பொருந்திவிட்டது. பேரைக் கோட்டில் இழந்த ஊருக்கு ஒரு தாய் கிடைத்தாள். பணம் சேர்த்துச் சிலை செய்து, 1928 ஏப்ரலில் முன்னாள் சனாதிபதி மில்லராண்ட் வந்து திறந்து வைத்தார். சமூகவியலாளர் பியர் புவாசார் கமம்பேரைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு 'தேசியப் புராணம்' என்று துணைத்தலைப்பு வைத்தது சும்மா இல்லை. என்ர பார்வையில் அந்தச் சிலை ஒரு பெண்ணின் உழைப்புக்கு வைத்தது என்பதைவிட, வழக்கில் தோற்றவர்கள் வைத்த பதில் மனு.

1944 யூன் 14. நோர்மண்டித் தரையிறக்கம் நடந்து எட்டு நாள். அமெரிக்க விமானங்கள் விமூத்தியேயில் குண்டு போட்டன. ஊர் தரைமட்டமானது, இருநூறுக்கு மேற்பட்ட சனம் செத்தது. மரி அரேலின் சிலையும் தலையிழந்தது. 1950களில் புதுச் சிலைக்குக் காசு கொடுத்தவர்கள் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் ஒரு பாற்கட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த 400 பேர். 'எங்கட பேரைக் களவெடுத்தார்கள்' என்று நோர்மண்டிக்காரர் கோபப்பட்டது எவர்களோடோ, அதே மாதிரியான ஆக்கள்தான். குண்டும் அங்கிருந்து, சிலையும் அங்கிருந்து.

இனி அந்த வெள்ளை நிறத்துக்கு வருவம். 'பாரம்பரியம்' என்று பெட்டியில் எழுதி விற்கிற இந்த வெள்ளைத் தோல், அரேல் குடும்பம் கண்ட நிறம் இல்லை. 19ஆம் நூற்றாண்டுக் கமம்பேர் நீலமும் சாம்பலும் கலந்தது, சிலவேளை செம்மண் நிறப் புள்ளிகளோடு. சுவரில், வைக்கோலில், காற்றில் என்ன பூஞ்சணம் இருந்ததோ அதுதான் வந்து குடியேறியது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நிறம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெள்ளைப் பூஞ்சணத்தைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் கொடுத்தார்கள். அது வேகமாக வளரும், எல்லாக் கட்டியிலும் ஒரே மாதிரி வரும், பார்க்கச் சுத்தமாகத் தெரியும். தொழிற்சாலைகளுக்கு வேறென்ன வேணும்? நீலம் மெல்ல மெல்ல மறைந்தது.

இப்ப உலகம் முழுக்க வீட்டுக் குசினியில் கமம்பேர் செய்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பாலும் அச்சும் பொறுமையும் அவர்களுடையது. ஆனால் பூஞ்சணம் பக்கெற்றில் வாங்கின தூள். அதுவும் அதே வெள்ளையின் வாரிசு. வீட்டில் செய்தாலும் அந்தப் பழைய வீட்டுக் கமம்பேர் திரும்பி வருவதில்லை.

அந்த வாரிசுக்கும் இப்போது வயசாகிவிட்டது. நூறு வருசத்துக்கு மேலாக ஒரே பூஞ்சணத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்ததில் அது இணைந்து இனம்பெருக்கும் ஆற்றலை இழந்துவிட்டது என்றும், வித்திகள்கூடக் குறைந்துகொண்டு போகின்றன என்றும் பிரான்சின் தேசிய ஆராய்ச்சி நிலையம் 2024இல் எச்சரித்தது. வித்தி இல்லாவிட்டால் அந்தப் பக்கெற்றுத் தூளும் இல்லை. வேறு பூஞ்சண வகைகளுக்கு இடம் விடுங்கள், நிறமும் மணமும் கொஞ்சம் மாறுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். அதாவது 1796இல் இருந்த மாதிரி, நீலமும் சாம்பலும் புள்ளியுமாக. அப்படி ஒன்றை இன்றைக்குச் சூப்பர்மார்க்கெற் தட்டில் வைத்தால், பழுதாப் போச்சு எண்டு சொல்லி வாங்கினவர் அன்றைக்கே திருப்பிக் கொண்டுவந்து குடுப்பார்.