எழுத்தாணி முதல் தமிழ்99 வரை: எழுதுவோர் உடலின் வரலாறு

விருத்தாசலத்தைப் பீங்கான் நகரம் என்பர். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு வெளிப்படும் வெண்களிமண் பக்கத்திலேயே கிடைப்பதும், பீங்கான் தொழில்நுட்பம் பயிற்றும் அரசு நிறுவனம் இங்கே அமைந்ததும் அப்பெயருக்கு வழிவகுத்தன. (இலக்கிய வாசகருக்கு ஊர்ப்பெயர் வேறொருவரையும் நினைவூட்டும், புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம்.) களிமண்ணைக் கையாளும் தொழிலாளியையும் கணினி முன் அமர்ந்திருக்கும் எழுத்தரையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்ப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆயின் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் அவ்வாறு பார்த்திருக்கிறார்.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழில்களால் விளையும் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் வெளியிட்டார். ஈயம் கலந்த மெருகுப் பூச்சால் குயவரின் கைகள் முதலில் நடுங்கிப் பின்னர் முடங்குவதை அதில் எழுதினார். 1713இல் வந்த இரண்டாம் பதிப்பில் எழுத்தர்களையும் சேர்த்துக்கொண்டார். ஓயாது உட்கார்ந்திருத்தல், கையை ஒரே வகையில் இடைவிடாது அசைத்தல், பிழை நேராதிருக்க மனத்தை இறுக்கிப் பிடித்தல் ஆகிய மூன்றே அவர்தம் நோய்களுக்கு வேர் என்றார். கணினி முன் பணியாற்றுவோருக்கு இன்றைய மருத்துவர் சொல்வதும் ஏறத்தாழ இதுவே. கண் இமைத்தல் குறைவதையும் மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதையும் அத்துடன் சேர்த்துச் சொல்வார்.

நம் ஏடெழுதுவோர் நிலை என்ன? இடக்கையில் ஏடு, வலக்கையில் எழுத்தாணி. இடக்கைப் பெருவிரல் நகத்தில் சிறு பள்ளம் வெட்டி, அதில் எழுத்தாணியின் முனைப்பகுதியைத் தாங்கி எழுதுவர். கருவிக்கேற்பத் தன் உடலைச் செதுக்கிக்கொண்டான் மனிதன். இதனைத் தலைகீழாக்கி, உடலுக்கேற்பக் கருவியைச் செதுக்குவதே பணிச்சூழலியல் என இன்று நாம் அழைக்கும் துறை. அத்துறைக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரைப் போலந்து அறிஞர் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி 1857இல் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஆக்கினார்.

தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கிய யாழ்ப்பாணத்து ரா. முத்தையாவுக்கு அந்தச் சுதந்திரம் வாய்க்கவில்லை. ஆங்கில எழுத்துகளுக்கென அமைந்த பொறியின் சில பத்து விசைகளுக்குள் 247 எழுத்துகளையும் அடக்கியாக வேண்டும். அதை அவர் சாதித்தது பெருஞ்செயல். ஆனால் விலை விரல்கள் கொடுத்தவை. 'கொ' என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். கண் காணும் வரிசையில் கை ஓட வேண்டும். பல எழுத்துகளுக்குச் சிறுவிரல் மாற்று விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். பின்னாளில் கணினி வந்தபோது, பொறியின் கட்டாயங்கள் மறைந்த பின்னும் அந்த அமைப்பு அப்படியே உள்ளே குடிபுகுந்தது.

மாற்றம் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம்99 மாநாட்டையொட்டி வந்தது. தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு அவ்வாண்டே தரமாக ஏற்றது. உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. அ, இ, உ, எ, புள்ளி ஆகியவை இடக்கை விரல்கள் இயல்பாக அமரும் நடுவரிசையில். க, ப, ம, த, ந, ய வலக்கை நடுவரிசையில். மெய்யும் உயிரும் மாறிமாறி வருகையில் ஒரு கை உழைக்க மறுகை இளைப்பாறும். தமிழ் எழுத்துகளுக்கு மாற்று விசை வேண்டா; கிரந்த எழுத்துகளுக்கே அது தேவை.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என நான்கு தட்டுகள் போதும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என இனவெழுத்துகள் அடுத்து வந்தாலும் அவ்வாறே. மெய்ம்மயக்க இலக்கணம் விரல்களுக்கு ஓய்வு தருகிறது! நன்னூல் படித்தவர் எவரும் இதில் மகிழாதிருக்க இயலாது.

ஆயினும் வென்றது இதுவன்று. சான்றிதழ்த் தேர்வுகள் நெடுங்காலம் பழைய தட்டச்சுப்பொறியின் அமைப்பையே சுற்றி வந்தன. மற்றவரோ ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழை வரவழைக்கப் பழகிவிட்டனர். தமிழுக்கென அளந்து தைத்த சட்டை பெட்டிக்குள் இருக்க, இரவல் சட்டையின் இறுக்கத்தை மணிக்கட்டு தாங்கிக்கொண்டிருக்கிறது என்பது என் கருத்து.

விசைப்பலகை மட்டும் போதாது என்பதும் உண்மையே. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ இருத்தல் வேண்டும். மணிக்கட்டு வளையாமல், பாதம் தரையில் படிந்து, இடையிடையே எழுந்து நடத்தல் வேண்டும். ஐரோப்பிய சமூகம் 1990இலேயே திரைமுன் பணியாற்றுவோருக்கு இடைவேளை தருவதை முதலாளியின் கடமையாக்கியது. தமிழ்நாடு 2021இல் கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தரவேண்டுமெனச் சட்டம் திருத்தியது. நின்றே தேய்ந்த கால்களுக்கு அது பெரும் ஆறுதல்.

என் மாணவர்களுக்கு மெய்ம்மயக்கம் நடத்தும் நாள்களில் தமிழ்99 விசைப்பலகையின் படம் ஒன்றைக் கரும்பலகையில் வரைகிறேன். இனவெழுத்துகளை மனப்பாடம் செய்ய மறுப்பவர்கள்கூட, 'தங்கம்' எழுத ஐந்து தட்டுகள் போதுமென்றதும் பலகையருகே வந்து எண்ணிப் பார்க்கிறார்கள்.