வில்னியசுப் புதைகுழியும் படைவீரர் தெறிகளும்

படையெடுப்புகளின் வரலாறு பெரும்பாலும் தளபதிகளின் நினைவுக் குறிப்புகளைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. சாதாரணப் படைவீரன் அவற்றில் வெறும் எண்ணிக்கையாகவே இடம்பெறுகின்றான். அவனது மேலங்கியிலிருந்து மண்ணில் வீழ்ந்த பொத்தான் (யாழ்ப்பாணத்து வழக்கில் தெறி) சிற்சில வேளைகளில் ஏடுகள் கூறாதவற்றைக் கூறுகின்றது.

2001 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், லித்துவேனியத் தலைநகர் வில்னியசில் சோவியத் காலப் படைமுகாம் அமைந்திருந்த நிலத்தைக் கட்டட வேலைக்காக அகழ்ந்தபோது மனித எலும்புகள் பெருந்தொகையாக வெளிப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் அரசியற் கொலைகளைக் கண்ட அந்நகர மக்களின் ஐயம் முதலில் எத்திசையிற் சென்றிருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று. ஆயின், எலும்புகளிடையே கிடந்த நாணயங்களும் பொத்தான்களும் அவர்கள் 1812 டிசம்பரில் மொஸ்கோவிலிருந்து பின்வாங்கி வந்த நெப்போலியனின் படையினர் என்பதை உறுதிப்படுத்தின. 3,000 பேருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் அங்கு இருந்தன. அவர்களுட் பெரும்பாலானோர் இளைஞர்; பெண்கள் சிலரும் காணப்பட்டனர்.

பிரான்சியக் காலாட்படையின் ஒவ்வொரு படையணியும் தன் எண்ணைப் பொத்தானிற் பொறித்திருந்தது. வரிசைக் காலாட்படையினர் பித்தளைப் பொத்தானையும் இலகு காலாட்படையினர் வெண்ணிற உலோகப் பொத்தானையும் அணிந்தனர். பேரரசரின் காவற்படையினரது பொத்தானிற் கழுகு காணப்படும். இவ்வடையாளங்களைக் கொண்டு ஏறத்தாழ 40 படையணிகள் இனங்காணப்பட்டன.

எனினும் அவ்வெண்ணை வாசிப்பதற்கு முன்னர் பொத்தானைத் துப்புரவு செய்தல் வேண்டும். பெரும்பாலான சான்றுகள் அழிவது இக்கட்டத்திலேயே. நம் வீடுகளிற் பித்தளைப் பாத்திரத்தைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவது வழக்கம். மண்ணிலிருந்து எடுத்த பொத்தானுக்கு அதனிலும் பெரிய கேடு வேறில்லை. புளியின் அமிலம் களிம்போடு பொன்முலாமையும் பொறிப்பின் விளிம்பையும் அரித்துவிடும். காய்ச்சி வடித்த நீர், மென்மையான தூரிகை, கூராக்கிய மூங்கிற் குச்சி ஆகியவற்றுடன் உருப்பெருக்கியின் கீழ்ப் பொறுமையாக வேலை செய்வதே முறை. கரும்பச்சையாய் இறுகிய படலம் உலோகத்தைக் காப்பது, அதனை அகற்றலாகாது. வெளிர்பச்சைத் தூளாய் உதிர்வதோ குளோரைட்டினால் விளையும் ‘வெண்கல நோய்’. அதனை ஈரமற்ற சூழலில் வைத்து, வல்லுநரிடம் ஒப்படைத்தல் வேண்டும். பொத்தானின் பின்புறத்து வளையத்தில் நூலோ துணியோ ஒட்டியிருக்குமாயின் அதனைத் தொடுதலும் ஆகாது. செம்பின் உப்புகள் நுண்ணுயிர்களைத் தடுத்ததனாலேயே அத்துணி இத்துணை காலம் எஞ்சியது.

வாசித்த எண்ணையும் அப்படியே நம்பிவிடுதல் இயலாது. பின்வாங்கும் படையில், உறைபனியில் நடந்தவன் இறந்தவனின் மேலங்கியைக் கழற்றி அணிந்திருப்பான். ஆதலால் ஒற்றைப் பொத்தான் ஓர் ஆளை நிறுவாது. ஒரே எலும்புக்கூட்டின் மேல் வரிசையாகக் கிடந்த பொத்தான்களின் சான்று வேறு; தனித்து உருண்டு கிடந்த ஒன்றின் சான்று வேறு. கிடந்த இடத்தைக் குறிக்காது தோண்டியெடுத்து விற்போர் இவ்வேறுபாட்டையே அழித்துவிடுகின்றனர்.

இங்கு ஒரு பிரபலமான கதையையும் நோக்குதல் தகும். படையினரின் வெள்ளீயப் பொத்தான்கள் ரஷ்யக் குளிரிற் பொடியாகியமையாலேயே படை அழிந்தது என்பர். வெள்ளீயம் ஏறத்தாழ 13 பாகை சென்ரிகிரேட்டிற்குக் கீழே சாம்பல்நிறத் தூளாக மாறக்கூடியது என்பது உண்மையே. ஆயினும் அம்மாற்றம் மிக மெதுவானது; ஈயம் போன்ற கலப்புகள் அதனை மேலும் தடுக்கின்றன. பித்தளைக்கு அந்நோய் இல்லவே இல்லை. எண் வாசிக்கத்தக்க நிலையிற் பொத்தான்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பின்னரும் மண்ணிலிருந்து மீண்டமை அக்கதையை வலுவிழக்கச் செய்கின்றது. ஜூன் மாதத்தில் நேமன் ஆற்றைக் கடந்த சில வாரங்களிலேயே, குளிர் வருமுன்னரே, பசியும் நோயும் அப்படையைத் தின்னத் தொடங்கியிருந்தன. பொத்தானைக் குற்றஞ்சாட்டும் கதையில் உணவின்றிப் படையை அனுப்பியவர்களின் பொறுப்பு மறைந்துவிடுகின்றது என்பது நமது கருத்து. அதே புதைகுழியின் பேன்களிலிருந்தும் பற்களிலிருந்தும் 2006 இலும் 2025 இலும் வெளியான மரபணு ஆய்வுகள் பேன்வழி பரவும் காய்ச்சல்களையும் குடற்காய்ச்சல் வகையொன்றையும் அங்கு கண்டறிந்துள்ளன.

2003 இல் அவ்வெலும்புகள் வில்னியசின் அன்ரகல்னிஸ் மயானத்தில் மீள அடக்கம் செய்யப்பட்டன. பொத்தானின் எண், பிரான்சியப் படை ஆவணங்களிலுள்ள படையணிப் பதிவேட்டிற்கு நம்மை இட்டுச்செல்கின்றது. வீரனின் பிறந்த ஊர், பெற்றோர் பெயர், உயரம் ஆகியன அங்கு எழுதப்பட்டுள்ளன. 1812 ஆம் ஆண்டிற்கு வருகையில் அவ்வேடுகளிற் பலரின் பதிவு, ‘பின்தங்கினான்’, ‘கைதியானதாகக் கருதப்படுகின்றான்’ என்ற அளவிலே நின்றுவிடுகின்றது.