மருந்தும் மலசலகூடமும்: சப்ரகமுவத் தோட்டங்களின் சுகாதார வரலாறு

என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, கேகாலைப் பகுதி இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவள், கடல் கடந்த நாட்டில் பொதுச் சுகாதாரத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றிருக்கிறாள். அமெரிக்காவில் ஒஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியொன்றிற் சேர்ந்து வைத்தியராகவும் விரும்புகிறாளாம். இன்னும் நான்காண்டுக் கல்வி. அதன்மேல் வைத்தியசாலைப் பயிற்சி. “நான் பின்னோக்கி நடக்கிறேனா, சேர்?” என்று அண்மையில் கடிதம் எழுதிக் கேட்டிருந்தாள்.

நம் நாட்டிற் பெரிதும் நிலவும் முறை இதற்கு மாறானது. முதலில் வைத்தியராகவேண்டும், பின்னரே சமுதாய மருத்துவத்தில் முதுமாணிப் படிப்பு. உடலைப் படித்தவரே ஊரைப் படிக்கலாம் என்பது அதன் உட்கிடை. தமிழாசிரியனாகிய எனக்கு மருத்துவக் கல்வி பற்றி ஆலோசனை கூறும் தகுதி இல்லை. ஆயினும் அவள் பிறந்த மண்ணின் வரலாற்றை நோக்குமிடத்து, அவள் மேற்கொண்ட வரிசையே பொருத்தமானது என்று எனக்குப் படுகிறது.

தோட்டத்துக்கு வைத்தியம் இரக்கத்தின் வழி வரவில்லை; கணக்கின் வழி வந்தது. நோயுற்ற தொழிலாளி நட்டக் கணக்கிலே சேர்பவன். 1872ஆம் ஆண்டுச் சட்டம் பெருந்தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாக வகுக்க வழி செய்தது. 1912இல் வைத்தியத் தேவைகள் சட்டமும் தொழிலாளர் நோய்கள் சட்டமும் பிறந்தன. லயங்களைச் சுகாதாரமாக வைத்திருத்தலும் நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்புதலும் தோட்டத் துரையின் கடமைகளாயின. ஏட்டிலே இவை நல்ல விதிகள்தாம். ஆனால் காலைப் பெரட்டிலே நடுங்கி நிற்பவன் நோயாளியா, வேலைக் கள்ளனா என்று முதலில் தீர்ப்பளிப்பவரும் அதே துரைதானே!

இவ்விடத்திற் கொழுக்கிப்புழுவின் கதையைச் சற்று விரித்துக் கூறவேண்டும். மனித மலத்தோடு வெளியேறும் இப்புழுவின் முட்டைகள் ஈரமான நிழல் மண்ணிற் பொரிக்கின்றன. புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகுந்து, குடலைப் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகின்றன. மழை ஓயாத சப்ரகமுவ, இறப்பர் மரங்களின் நிழல், செருப்பறியாத கால்கள், மலசலகூடமில்லாத லயங்கள்: புழுவுக்கு வேறென்ன வேண்டும்? இரத்தம் வற்றிக் கால் தள்ளாடியவனுக்குச் சோம்பேறி என்ற பெயர் கிடைத்தது.

1916இல் அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களிலே இந்நோய்க்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கிற்று. தொழிலாளரை வரிசையாக நிறுத்தி மருந்து ஊட்டினார்கள். புழுக்கள் வெளியேறின, அவர்கள் மறுநாள் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தார்கள், புழுக்கள் மீண்டும் புகுந்தன. மலசலகூடங்கள் கட்டினாலன்றிப் பயனில்லை என்பது விரைவிலே தெரிந்துவிட்டது. மருந்தை ஏற்ற தோட்ட உரிமையாளர் பலர் கூடத்தை ஏற்கத் தயங்கினர். மருந்தின் செலவு சிறிது. செங்கல்லின் செலவு பெரிது. இவ்வரலாற்றைச் சோம ஹேவா தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். நோயை மட்டும் துரத்தும் முறை தோற்றபின்னரே, ஊர்தோறும் தடுப்புப் பணி செய்யும் சுகாதாரப் பிரிவு என்ற எண்ணம் வலுப்பெற்றது. அத்தகைய முதலாவது பிரிவு 1926இல் களுத்துறையிலே தொடங்கப்பட்டது.

எட்டாண்டுகளுக்குப் பின் கேகாலை இதனினும் கொடிய பாடத்தைக் கண்டது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமாகப் பெருகியோடும் மகா ஓயாவும் களனி கங்கையும் வற்றி, மணற் படுகையிலே குட்டை குட்டையாகத் தேங்கின. ஓடும் நீர் அடித்துச் செல்லும் நுளம்புக் குடம்பிகள் அக்குட்டைகளிலே பெருகின. மலேரியாவுக்குப் பழகாத ஈரவலய மக்களிடம் எதிர்ப்புச் சக்தியும் இருக்கவில்லை. ஆண்டின் இறுதியில் வெடித்த கொள்ளைநோய் 1935இலும் நீடித்தது. நாடு முழுவதிலும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என்பது பரவலாக வழங்கும் மதிப்பீடு. கேகாலையும் குருநாகலும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்கள்.

நுளம்பு மட்டுமா கொன்றது? 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் இறப்பர் விலை சரிந்தது. தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்தன. தமிழ்த் தொழிலாளர் பலர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். தோட்டக் கூலியை நம்பியிருந்த சிங்களக் கிராமத்தவரும் வருவாயிழந்தனர். காய்ச்சல் வந்தபோது வயிறு முன்னமே காய்ந்திருந்தது. எரிக் மேயர் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் இக்கொள்ளைநோயைக் காலநிலையோடு பொருளாதார நெருக்கடியையும் சேர்த்தே ஆராய்ந்தமை மனங்கொள்ளத்தக்கது.

அன்று கேகாலை மாவட்டத்துக்குள் நுழைந்தவர்கள் சூரியமல் இயக்கத்தின் இளைஞர்கள். வைத்தியர்களான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் மேரி இரத்தினமும், வைத்தியரல்லாத என். எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் அவர்களுட் சிலர். கொயினா கொடுத்தால் மட்டும் போதாது, உண்ண உணவில்லாதவன் மீள்வதில்லை என்பதைக் கண்டு, மார்மைட்டை உருண்டைகளாக்கிக் கொடுத்தார்கள், பருப்பு வழங்கினார்கள். ‘பருப்பு மாத்தையா’ என்றே என். எம். பெரேராவுக்குப் பெயர் வழங்கிற்று. 1935 டிசம்பரிலே லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. 1936இல் அவர் ருவன்வெல்லத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

இப்பெருமையைச் சொல்லும் நாம் பிற்பகுதியை மறைத்தல் தகாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை இடதுசாரிகள் எதிர்த்தனர். ஆனால் 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது சமசமாஜக் கட்சி அரசாங்கத்தினுள் இருந்தது. 1974இல் உணவுத் தட்டுப்பாட்டாலே தோட்டப்புற இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தபோது, நிதியமைச்சர் வேறெவருமல்லர். அன்று பருப்பு வழங்கிய அதே என். எம். பெரேராதான். உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலையேறியமை உண்மையே. ஆயினும் கிராமத்தவனுக்கு ஒரு துண்டு வயலாவது இருந்தது, வாக்கும் இருந்தது. லயத்தில் வாழ்ந்தோருட் பெரும்பாலோர்க்கு இரண்டும் இல்லை. வாக்கில்லாதவனை அரசின் வைத்தியசாலை தேடி வருவதில்லை. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1990களிலேதான். அதுவும் ஒருசிலவற்றை மட்டுமே.

இன்னும் ஒன்று, மொழி. மானிப்பாயிலே சாமுவேல் கிறீன் 1864 முதல் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். அதற்கு ஒன்றரை நூற்றாண்டின் பின்னும், தன் வயிற்றுவலியைத் தன் மொழியிலே சொல்ல முடியாமல் சைகை காட்டும் கிழவிகளை நம் மாகாணத்து வைத்தியசாலை வாசல்களிற் கண்டிருக்கிறேன். தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் இங்கு அரிதாயிருக்கையில், அக்கிழவியின் பேர்த்தி வைத்தியராவது எங்ஙனம்?

ஒஸ்டியோபதி என்ற சொல்லை அக்கடிதத்திலேதான் நான் முதலிற் கண்டேன். அதனைத் தொடங்கிய அன்ட்ரூ ரெய்லர் ஸ்ரில் 1864இல் மூளையுறைக் காய்ச்சலுக்குத் தம் பிள்ளைகளைப் பறிகொடுத்த வைத்தியர். அக்கால மருந்துகளில் நம்பிக்கை இழந்து, உடலை ஒரு முழுமையாக நோக்கவேண்டும் என்றார். 1892இல் மிசூரி மாநிலத்தின் கேர்க்ஸ்வில்லிலே கல்லூரி நிறுவினார். எலும்பைச் சீர்செய்தாற் பெரும்பாலான நோய்கள் தீரும் என்ற அவருடைய நம்பிக்கை நிலைக்கவில்லை. அவர் வழிவந்த கல்லூரிகள் மருந்தியலையும் சத்திர சிகிச்சையையும் ஏற்று வளர்ந்தன. இன்று அங்கே பட்டம் பெறுவோர்க்கு அமெரிக்காவில் ஏனைய வைத்தியர்க்குள்ள உரிமைகள் யாவும் உண்டு. ஆயின், முழுமை எங்கே முடிகிறது? தோலோடு முடிகிறது என்றார் ஸ்ரில். லயத்துக் கூரை, பீலித் தண்ணீர், பேர் விழுந்த நாட்களின் கணக்கு வரை அது நீளும் என்பதை என் மாணவி முன்னரே படித்துவிட்டாள்.

இவற்றையெல்லாம் அவளுக்கு எழுதினேன். பதில் வந்தது. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாளாம். 1916ஐப் பற்றி நான் எழுதிய பகுதியை மட்டும் இருமுறை வாசித்ததாகக் கூறி, தான் பிறந்த லயத்திலே இன்று எத்தனை குடும்பங்களுக்கு எத்தனை மலசலகூடங்கள் என்று எண்ணி எழுதச் சொல்லியிருக்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை போகவேண்டும்.