மூன்று பீப்பாய்களும் ஒரு கடிகாரமும்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஜனவரி பிறந்தால் ரோடியோ பருவம் தொடங்கிவிடும். முதலில் ஃபோர்ட் வொர்த், பிப்ரவரியில் சான் அன்டோனியோ, மார்ச்சில் ஹூஸ்டன். ஒவ்வோர் ஊரிலும் வாரக்கணக்கில் நடக்கும் திருவிழா அது. ஒருபக்கம் கால்நடைக் கண்காட்சி. பண்ணை வீட்டுப் பிள்ளைகள் தாங்கள் வளர்த்த காளைகளையும் ஆடுகளையும் குளிப்பாட்டிச் சீவி நடுவர்கள் முன் நிறுத்துவார்கள். மறுபக்கம் அரங்கில் ரோடியோ. துள்ளிக் குதிக்கும் குதிரையின் முதுகில் எட்டு விநாடி தாக்குப்பிடிப்பது, ஓடும் கன்றைச் சுருக்குக்கயிறு வீசிப் பிடிப்பது என்று மேய்ச்சல் பண்ணை வேலைகளிலிருந்து பிறந்த விளையாட்டுகள்.

நிகழ்ச்சி நிரலைப் படித்தால் ஒன்று புலப்படும். முரட்டுக் குதிரைச் சவாரி ஆண்களுக்கு. காளைச் சவாரியும் ஆண்களுக்கு. பெண்களுக்கென்று இருப்பது பீப்பாய்ப் பந்தயம். அண்மைக்காலமாகக் கயிறு வீசும் போட்டி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 'ஆண்களின் விளையாட்டில் பெண்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறார்கள்' என்று நினைக்கத் தோன்றும். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. பெண்கள் அங்கே முதலிலேயே இருந்தார்கள். வெளியேற்றப்பட்ட பிறகு, இழந்ததில் ஒரு பகுதியைப் போராடித் திரும்பப் பெற்றார்கள்.

ஃபோர்ட் வொர்த் கால்நடைக் கண்காட்சி 1896இல் தொடங்கியது. 1918இல் அங்கே கூரையின் கீழ் ரோடியோ நடத்தினார்கள். அதன் போட்டிகளில் ஒன்று, பெண்களுக்கான முரட்டுக் குதிரைச் சவாரி. அந்தக் காலத்தில் அது வியப்புக்குரிய செய்தியல்ல. ஒக்லஹோமாவைச் சேர்ந்த லூசில் மல்ஹால் கயிறு வீசுவதில் ஆண்களோடு போட்டியிட்டுப் பெயர் பெற்றிருந்தார். ஐடஹோவிலிருந்து வந்த பானி மெக்கரால் 1922இல் ஷையானிலும் நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கிலும் குதிரைச் சவாரிப் பட்டங்களை வென்றார். இவர்களுக்கு இது பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு.

1929 செப்டம்பரில், ஓரிகனின் பென்டில்டன் ரோடியோவில், மெக்கரால் ஏறிய குதிரை தடுமாறி விழுந்தது. அங்கவடிகள் இரண்டும் குதிரையின் வயிற்றுக்கடியில் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்தன. பெண்களுக்கு உதவி என்று அனுமதிக்கப்பட்ட முறை அது. அங்கவடி ஆடாமல் இருப்பதால் உட்கார்ந்திருப்பது எளிது. குதிரை விழுந்தால் காலை விடுவிப்பது கடினம். மெக்கரால் படுகாயமடைந்து சில நாட்களில் மருத்துவமனையில் இறந்தார்.

பென்டில்டன் நிர்வாகிகள் பெண்களின் முரட்டுக் குதிரைச் சவாரியையே நிறுத்தினார்கள். அதே ஆண்டில் உருவான ரோடியோ அமைப்பாளர்களின் சங்கம், தான் அங்கீகரித்த போட்டிப் பட்டியலில் பெண்களுக்கு இடம் தரவில்லை. ரோடியோவில் ஆண்களும் இறந்திருக்கிறார்கள். அதற்காக ஆண்களின் சவாரியை யாரும் நிறுத்தவில்லை. ஆபத்தை அகற்றுவதற்குப் பதிலாகப் பெண்ணை அகற்றுவது: இந்தப் 'பாதுகாப்பு' நமக்குப் பழக்கமான ஒன்றுதான்.

1936இல் ஆண் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து தங்கள் சங்கத்தை அமைத்தார்கள். நியாயமான பரிசுத் தொகை கேட்டு வென்றார்கள். அந்த உழைப்பாளர் ஒற்றுமையிலும் பெண்களின் போட்டிகள் கோரிக்கையாகவில்லை. 1940களின் தொடக்கத்தில் திரைநட்சத்திரம் ஜீன் ஆட்ரி பெரிய ரோடியோக்களை நடத்த வந்தபோது, எஞ்சியிருந்த பெண்களின் முரட்டுக் குதிரைச் சவாரியும் அங்கிருந்து மறைந்தது.

பெண்களுக்கு வேறொரு வாசல் திறந்திருந்தது. 1931இல் டெக்சஸின் ஸ்டாம்ஃபோர்ட் ஊரில், அக்கம்பக்கத்து ஊர்கள் ஆளுக்கொரு பெண்ணைத் தங்கள் சார்பில் அனுப்பிவைக்கும் வழக்கம் தொடங்கியது. விழாவுக்கு அழகு சேர்ப்பதே அவர்களின் வேலை. குதிரை எப்படி, உடை எப்படி, சவாரி எப்படி என்று பார்த்து நடுவர்கள் மதிப்பெண் போட்டார்கள். சவாரித் திறனைக் காட்டுவதற்காகப் பீப்பாய்களைச் சுற்றி ஓட்டச் சொன்னார்கள். இன்றைய பீப்பாய்ப் பந்தயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

முரட்டுக் குதிரை ஏறியவர்கள் அணிவகுப்புப் பதுமைகளாகச் சுருங்கிவிடச் சம்மதிக்கவில்லை. போர்க்காலத்தில், 1942இல், ஃபே கிர்க்வுட் என்பவர் டெக்சஸின் பானம் ஊரில் பெண்கள் மட்டுமே பங்கேற்கும் ரோடியோவை நடத்தினார். 1947இல் அமரில்லோவில் நான்சி பின்ஃபோர்டும் தீனா மே ஃபாரும் அப்படியொன்றை ஏற்பாடு செய்தார்கள். அதன் வெற்றி தந்த துணிவில், 1948 பிப்ரவரி 28 அன்று, சான் ஆஞ்சலோ நகரின் ஒரு விடுதியில் 38 பெண்கள் கூடினார்கள். பெண்கள் ரோடியோ சங்கம் பிறந்தது. முதல் ஆண்டில் 74 உறுப்பினர்கள், 60 போட்டிகள், மொத்தப் பரிசு 29,000 டாலர்.

இந்தச் சங்கத்தைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. அரங்கில் தோன்றும்போது உறுப்பினர்கள் வண்ண உடை அணிய வேண்டும் என்பது அதன் ஆரம்பகால விதிகளில் ஒன்று. அழகுப் பதுமை என்ற எதிர்பார்ப்போடு அவர்கள் செய்துகொண்ட சமரசம் அது. அன்றைய டெக்சஸ் நிறப் பாகுபாட்டைச் சட்டமாக வைத்திருந்த மாநிலம் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. விடுதியில் கூடிய 38 பேரின் வெற்றி எல்லாப் பெண்களின் வெற்றியாக அன்றைக்கு இருந்திருக்க முடியாது.

ஆனால் அவர்கள் செய்த ஒரு காரியம் முக்கியமானது. பீப்பாய்ப் பந்தயத்தை நடுவரின் கண்ணிலிருந்து எடுத்துக் கடிகாரத்திடம் கொடுத்தார்கள். மூன்று பீப்பாய்கள், மூவிலை வடிவில் ஒரு பாதை. யார் குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறாரோ அவருக்கே பரிசு. பீப்பாயைத் தட்டிவிட்டால் இன்றைய விதிப்படி ஐந்து விநாடி தண்டனை. சட்டையின் நிறத்துக்கும் சிரிப்புக்கும் அங்கே மதிப்பெண் கிடையாது.

அடுத்து, கூலிப் பிரச்சினை. தேசிய இறுதிப் போட்டிக்குள் பீப்பாய்ப் பந்தயம் 1967இல்தான் நுழைந்தது. நுழைந்த பிறகும் பெண்களின் பரிசு ஆண்களுடையதைவிடக் குறைவு. 1980இல் சங்கம் நாடெங்கும் உள்ள ரோடியோ குழுக்களுக்கு எழுதியது: 1985க்குள் பரிசுத் தொகையைச் சமமாக்காவிட்டால் நாங்கள் வர மாட்டோம். பெரும்பாலான குழுக்கள் இறங்கி வந்தன. தேசிய இறுதிப் போட்டி மட்டும் 1998 வரை இழுத்தடித்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் ஷார்மெய்ன் ஜேம்ஸ் வந்தார். 1984இல், 14 வயதில், உலகப் பட்டம் வென்றார். 1993 வரை தொடர்ந்து பத்துப் பட்டங்கள். 1985 இறுதிப் போட்டியில் அவருடைய குதிரை ஸ்கேம்பரின் கடிவாளம் ஓட்டத்தின் நடுவிலேயே கழன்றது. நிறுத்தாமல் ஓட்டி அந்தச் சுற்றையும் வென்றார். இறுதிப் போட்டியில் முதுகில் அணியும் எண், அந்தப் பருவத்தில் ஈட்டிய பணத்தின் வரிசையைக் காட்டுவது. 1987இல் ஒன்றாம் எண் அவர் முதுகில் இருந்தது. அந்த ஆண்டு எல்லா ஆண் வீரர்களையும்விட அதிகம் சம்பாதித்து அங்கே வந்தவர், குறைந்த பரிசு தரப்பட்ட போட்டியின் வீராங்கனை.

2020இல் பெண்களின் கயிறு வீச்சுக்கும் தேசிய இறுதிச் சுற்று வந்தது. கன்றின் கழுத்தில் சுருக்கு விழுந்ததும், கயிற்றைச் சேணத்தோடு பிணைத்த நூல் அறுந்துகொள்ளும். அந்தக் கணத்தில் கடிகாரம் நிற்கும். முதல் பட்டத்தை வென்ற ஜாக்கி கிராஃபர்ட் அப்போது கர்ப்பிணி. குதிரைமேல் ஏறலாமா என்பதை அவரே முடிவு செய்தார். 1929இல் பெண்களைக் கேட்காமல் எடுத்த முடிவை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முரட்டுக் குதிரைச் சவாரி மட்டும் பெரிய அரங்குகளில் பெண்களிடமிருந்து பல பத்தாண்டுகள் விலகியே இருந்தது. ஃபோர்ட் வொர்த்தில் 2002இல் திறந்த பெரிய கட்டடத்தில் கௌகேர்ள்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. 1918இல் பெண்கள் போட்டியாகவே ஆடிய சவாரியின் நினைவை, அதே ஊரில் இன்று நாம் அருங்காட்சியகத்தில் தேடிப் பார்க்கிறோம்.