கொம்பு முன்னா, பின்னா?

எமது பாடசாலை முற்றத்தில் நின்றால் மரங்களுக்கு மேலாக சீகிரியாக் குன்றின் தலை தெரியும். வருடத்துக்கு ஒரு தடவையாவது ஒரு வகுப்புப் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்வது எனது வழக்கம். கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட முதலாம் காசியப்பனின் கதையைப் பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்கள். எனக்கோ கண்ணாடிச் சுவரைக் கடக்கும்போதுதான் கால் தயங்கும். குன்றைப் பார்க்க வந்த சாதாரண மனிதர்கள், மன்னன் மறைந்து நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும், அச்சுவரிலே தம் மனதில் பட்டதைக் கவிதைகளாகக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். பேராசிரியர் செனரத் பரணவிதான பல வருடங்கள் உழைத்து அவற்றுள் 685 கவிதைகளை வாசித்து 1956இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்.

ஆயிரம் வருடத்துக்கு முந்திய எழுத்தை வாசிக்க ஓர் அறிஞர் கிடைத்தார். ஆனால் 2006இல் நான் எழுதியதை 2022இல் என்னால் வாசிக்க முடியாமற் போயிற்று. அது ஏன் நேர்ந்தது என்று தேடப் போனபோது, நூறு வருடத் தமிழ் எழுத்துக் கருவிகளின் கதை ஒன்று கையில் அகப்பட்டது. அதனையே இங்கு சொல்ல விழைகிறேன்.

ஆசிரிய கலாசாலையில் நான் பயின்ற காலத்தில் கணனி என்பது வாரத்துக்கு ஒரு பாடவேளை. ஒரு கணனியின் முன் ஆறு பேர். விசைப்பலகையைக் கடதாசியில் வரைந்து, விடுதியில் அதன்மீது விரல் வைத்துத்தான் தமிழ்த் தட்டெழுத்துப் பழகினேன். பழகியது பாமினி. 2006இல் பாவித்த கணனி ஒன்றைத் தவணை முறையில் வாங்கியதும், பரீட்சை வினாத்தாள்களுக்கு அப்பால் வேறொன்றையும் அதில் எழுதத் தொடங்கினேன். எமது ஊர் மூத்தவர்களிடம் கேட்ட செய்திகள் அவை. கண்டி இராச்சிய காலத்தில் பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றி மலைநாட்டுக்குள் வந்து, பாக்கும் மிளகும் கொண்டு போன தவள வணிகத்தில் முஸ்லிம்களுக்குப் பெரும் பங்கு இருந்தது. அந்தத் தவளக்காரர்களைப் பற்றித் தங்கள் மூத்தவாப்பாமார் சொன்னதாக அவர்கள் சொன்னவை. ஏறத்தாழ நானூறு பக்கம். சொன்னவர்களுள் பெரும்பாலானோர் இன்று மையவாடியில்.

2022இல் அந்தப் பழைய கணனி நின்றுபோயிற்று. நாடே பொருளாதார நெருக்கடியில் தத்தளித்த வருடம் அது. புதிய மடிக்கணனியின் விலை என் சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. கொழும்பில் தொழில் பார்க்கும் ராத்தாவின் மகன், தான் பாவித்த மடிக்கணனியைத் தந்துதவினான். அதில் இருந்தது நான் அறிந்த விண்டோஸ் அல்ல, லினக்ஸ்.

முதல் நாள் மாலை நான் ஆண்டு ஒன்றுப் பிள்ளையாக இருந்தேன். இடது மூலையில் தொடக்கப் பொத்தான் இல்லை. 'எனது ஆவணங்கள்' இல்லை. சுட்டியை எங்கே கொண்டுபோனாலும் தெரியாத ஒன்று திறந்துகொண்டது. மூன்று நாளில் தவணைப் பரீட்சை வினாத்தாளைக் கொடுக்க வேண்டும். பென் டிரைவில் இருந்த பழைய கோப்பைத் திறந்தேன். திரை நிறைய ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஓர் அரைப்புள்ளி. தவளக்காரர் குறிப்புகளைத் திறந்தேன். நானூறு பக்கமும் அப்படியே. பெட்டி என் எழுத்தைத் தின்றுவிட்டது என்றே எண்ணினேன்.

தொலைபேசியில் மருமகன் சிரித்தான். "மாமா, ஒண்டும் அழியல்ல. நீங்க அடிச்சது முதல்லயிருந்தே இங்கிலீசு எழுத்துத்தான். பாமினி அதுக்கு மேல போட்ட தமிழ்ச் சட்ட மட்டும். இந்தப் பெட்டியில அந்தச் சட்ட இல்ல."

அந்தப் பதில் என்னை உறங்கவிடவில்லை. பதினைந்து வருடமாக நான் தமிழ் எழுதவேயில்லையா?

கதை தட்டெழுத்துப் பொறியிலிருந்து தொடங்குகிறது. 1886இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, பிழைப்புக்காக மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டெழுத்து விசைப்பலகை அமைத்தவர். தமிழுக்கு 247 எழுத்து. ஆங்கிலத்துக்கெனச் செய்யப்பட்ட பொறியிலோ நாற்பத்துச் சொச்ச விசைகள். அவர் கண்ட வழி, எழுத்தைத் துண்டுகளாகப் பிரிப்பது. கொம்பு தனி, அரவு தனி, புள்ளி தனி. சில விசைகளை அடித்தால் வண்டி நகராது. ஒரே இடத்தில் இரண்டு அடி விழுந்து புள்ளியும் எழுத்தும் ஒன்றாகும். அவற்றை நகரா விசைகள் என்றனர். அவரது அமைப்பிலான பொறிகள் ஜேர்மனியில் தயாராகி வந்தன. பொறிக்குத் தமிழ் தெரியாது. அது கடதாசியில் பதிக்கும் அச்சு மட்டுமே. ஆதலால் 'கெ' எழுதுவோர் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே கொம்பை முதலில் அடித்தனர், ககரத்தைப் பின்னர் அடித்தனர்.

கணனி வந்தபோது அதே உத்தி கணனிக்குள்ளும் புகுந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இலக்கங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். பாமினி அவ்வாறானது. பொறியில் பழகிய விரல் அதிலும் பழகிவிடும் என்பது அதன் பெரிய உதவி. எமது நாட்டின் அச்சகங்களும் பத்திரிகைகளும் பாடசாலைகளும், புலம்பெயர்ந்தோரின் சஞ்சிகைகளும் அதனால் பயன் பெற்றன. எமது எழுத்தாளர் பலரின் முதல் நூல் பாமினியில்தான் அச்சேறியது. அந்த நன்றியை மறப்பதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஓர் ஒழுங்கை வைத்துக்கொண்டது. ஒருவர் அனுப்பியதை மற்றவர் வாசிக்க அதே எழுத்துரு வேண்டும். இச்சிக்கலைத் தீர்க்கவே 1999 பெப்ரவரியில் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி, தமிழ்99 விசைப்பலகையையும் பொதுக் குறியீடுகளையும் வகுத்தது.

அதற்கு முன்னரே, 1991இல், உலக மொழிகள் யாவற்றுக்கும் தனித்தனி இலக்கம் வழங்கும் யூனிக்கோட் முறையில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பல்கலைக்கழக மாணவர் லினக்ஸின் முதல் வடிவை வெளியிட்டதும் அதே 1991இல்தான். யூனிக்கோட்டில் தகரம் தகரமாகவே சேமிக்கப்படும்; ஆங்கிலத்தின் முதுகில் ஏறிச் சவாரி செய்ய வேண்டியதில்லை. கொம்பின் விடயத்தில் அது பொறியின் ஒழுங்கைக் கைவிட்டு ஒலியின் ஒழுங்கைக் கொண்டது. கண்ணுக்குக் கொம்பு முன்னே தெரிந்தாலும், நினைவகத்தில் ககரம் முன்னே, கொம்பு பின்னே. 'க்' என்ற பின்னர்தானே 'எ' ஒலிக்கிறது. விண்டோஸ் 2000 இதற்கு இடமளித்தது. இலங்கையில் 2008இல் தமிழுக்கான நியமம் எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலக்கத்தில் வந்தது. பாமினி விரல்களுக்கு அந்நியமில்லாத ரெங்கநாதன் விசைப்பலகையை அது ஏற்றது. 2010இல் தமிழ்நாடு அரசும் யூனிக்கோட்டை ஏற்றது. இவையெல்லாம் நடந்துகொண்டிருந்த வருடங்களில் நான் பாமினியில் பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தெரியாத மடிக்கணனியின் முன் விழித்தவன் நான் ஒருவன் மட்டுமல்ல என்பதையும் பின்னர் அறிந்தேன். 'ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணனி' என்று அமெரிக்காவின் நிக்கலஸ் நெக்ரொபொண்டி 2005இல் ஒரு திட்டத்தை அறிவித்தார். பச்சையும் வெள்ளையுமான சிறு பெட்டி, இரண்டு காதுகள் போன்ற அலைவாங்கிகள், வெயிலிலும் வாசிக்கக்கூடிய திரை, உள்ளே லினக்ஸ். கோப்புறைகளுக்குப் பதிலாகப் பிள்ளை செய்தவற்றை நாள்வாரியாகக் காட்டும் குறிப்பேடு. இலங்கையிலும் 2009இல் தெரிவுசெய்யப்பட்ட சில பாடசாலைகளுக்கு அது வந்தது. தமிழ்நாட்டில் 2011 செப்டெம்பரில் மாணவர்க்கு இலவச மடிக்கணனி வழங்கத் தொடங்கியபோது, முதற்கட்டப் பெட்டிகளில் விண்டோஸுடன் பொஸ் என்னும் இந்திய லினக்ஸும் சேர்ந்திருந்தது. பெரு நாட்டின் கிராமப்புறங்களில் 319 பாடசாலைகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, பதினைந்து மாதத்தின் பின்னரும் கணிதத்திலோ மொழியிலோ பிள்ளைகளின் புள்ளிகள் உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்றது. பெட்டியைக் கொடுப்பது ஒன்று, அருகில் அமர்ந்து சொல்லிக்கொடுப்பது வேறொன்று. இதனை ஓர் ஆசிரியருக்கு ஆய்வு சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்கு அருகில் அமர்ந்தவள் பதினோராம் ஆண்டு மாணவி ஒருத்தி. பாடசாலை விட்ட பின், அதிபரின் அனுமதியோடு, நூலக மேசையில் பாடம் நடந்தது; ஆசிரியர் அவள், மாணவன் நான். முதலில் பாமினி எழுத்துருக் கோப்பை என் பெட்டியில் சேர்த்தாள். ஒரு நொடியில் நானூறு பக்கமும் தமிழாயின! கண் கலங்கியதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பினேன். "இது காணாது சேர்" என்றாள். "இன்னொரு ஆள்ட ஃபோன்ல திறந்தா திரும்பவும் இங்கிலீசாத்தான் வரும். மாத்தோணும்."

யூனிக்கோட்டுக்கு மாற்றினோம். அங்கேதான் கொம்பின் பழைய கதை திரும்பி வந்தது. பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை. 'வெள்ளி' என்று நான் அடித்ததில் கொம்பு, வகரம், ளகரம் என்ற வரிசையைக் கண்ட மாற்றி, அதனை 'வௌ' என்றே எடுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமைகள் எல்லாம் 'வௌ்ளிக்கிழமை' ஆயின. வெளியூர் 'வௌியூர்' ஆயிற்று. எமது இணையப் பக்கங்களில் இவ்வடிவங்களைக் கண்டு, தமிழ் தெரியாதவர் வேலை என்று முகம் சுளித்திருக்கிறேன். அது முத்தையாவின் பொறி விட்டுச்சென்ற தழும்பு என்று அன்றுதான் விளங்கியது. குறிப்புகளுக்கிடையே நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்த ஊர்ப்பெயர்களையும் மாற்றி தமிழென எண்ணிக் குழப்பியிருந்தது. நானூறு பக்கத்தையும் வரி வரியாகத் திருத்த ஏழு மாதம் சென்றது. அதற்குள் லினக்ஸின் விசைப்பலகைப் பட்டியலில் ரெங்கநாதன் என்ற பெயரைக் கண்டெடுத்தேன். கடதாசியில் பழகிய விரல் வீண்போகவில்லை.

இவ்விடத்தில் எம் சமூகத்துக்கு இது புதிதல்ல என்பதை நினைவூட்ட வேண்டும். அரபுத்தமிழ் எமது முன்னோரின் எழுத்துருமாற்றம் அல்லவா? அரபியில் இல்லாத ப, ட, ள, ண முதலான ஒலிகளுக்காக அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளியிட்டு, தமிழை வலமிருந்து இடமாக எழுதினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் அதில் நூல்கள் யாத்தனர். கடல் கடந்து இங்கும் அவை ஓதப்பட்டன. மறுபுறம் சித்தி லெப்பை 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கி, 1885இல் அசன்பே சரித்திரத்தை வெளியிட்டார். காலப்போக்கில் பாடசாலை தமிழ் எழுத்தைத் தந்தது, அரபுத்தமிழ் பின்வாங்கியது. அந்த மாற்றம் அவசியமானதே. ஆயினும் மாறும்போது எவற்றை எடுத்து எழுதிவைத்தோம், எவற்றைப் பெட்டியோடு விட்டோம்? என் உம்மம்மாவின் அலுமாரியில் ஓர் அரபுத்தமிழ்க் கிதாபு இருந்தது. அவர் அதை ஓசையோடு ஓதுவார். உம்மா எழுத்துக்கூட்டுவார். எனக்கு அது அழகிய கோடுகள் மட்டுமே. மூன்று தலைமுறையில் ஒரு நூல் ஊமையாயிற்று. தாளோ இன்னும் உறுதியாக இருந்தது.

பாமினியில் உள்ள எமது எழுத்துகளும் அதே அலுமாரியில்தான் இருக்கின்றன. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும் தட்டெழுதப்பட்ட கதைகள், கவிதைகள், ஊர் வரலாறுகள், பள்ளிவாசல் மலர்கள், நினைவுக் கட்டுரைகள் எத்தனை! அச்சானவை நூலகத்தில் இருக்கும். அச்சாகாதவை பழுதான கணனிகளிலும் பூசணம் பிடித்த இறுவட்டுகளிலும் கிடக்கின்றன. அவற்றை எழுதியோர் பலர் இன்றும் எம்மோடு இருக்கிறார்கள். 'வௌ்ளி' எது, வெள்ளி எது என்று அவர்களால் சொல்ல முடியும். இன்னும் இருபது வருடத்தில் அதற்கு ஒரு பரணவிதான வேண்டியிருக்கும்.

இதற்குப் பெரும் நிதியம் தேவையில்லை. எமது ஆட்களின் திறமை பற்றியும் ஐயம் வேண்டாம். 2004 சுனாமியின் பின் இந்நாட்டுத் தொண்டர்கள் உருவாக்கிய சஹானா என்ற கட்டற்ற மென்பொருளைப் பிற நாடுகளும் அனர்த்த காலங்களில் பாவித்தன. ஒவ்வொரு பாடசாலை நூலகத்திலும் ஒரு மேசை, ஒரு மூத்தவர், ஒரு மாணவர் போதும். மூத்தவர் வாசிக்கட்டும், மாணவர் மாற்றட்டும். முடிந்ததும் ஒரு பிரதியைக் கடதாசியிலும் எடுத்து வைக்கட்டும். மின்சாரம் இல்லாமலும் வாசிக்கக்கூடியது அதுதான்.

எங்கள் தவளக்காரர் குறிப்புகளின் அச்சுப்பிரதி இப்போது பாடசாலை நூலகத்தில் இருக்கிறது. தட்டெழுத்துத் திருத்தியவர் என்று அந்த மாணவியின் பெயரை முதற்பக்கத்தில் இட்டிருக்கிறேன். கடந்த தவணையில் ஆறாம் ஆண்டுப் பிள்ளையொருவன் அதைப் புரட்டிவிட்டு என்னிடம் வந்தான். "சேர், இதில வாற ஆள் எங்கட மூத்தவாப்பாட வாப்பாவா?" என்று கேட்டான்.

ஆம் என்றேன்.