ஒரே பந்து, இரண்டு வாசல்: பினாங்கு மாணவியரின் ஆட்டத்தளமும் பேண்டு வாத்தியமும்

பள்ளி விட்டு, வெயில் சற்றே தணிந்த பிறகு பினாங்கின் ஜெலுத்தோங் பக்கத்து இடைநிலைப்பள்ளித் தளங்களைப் பார்த்தால், தரையில் இரண்டு நிறக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு நிறம் கூடைப்பந்துக்கு, மற்றது வலைப்பந்துக்கு. கூடைப்பந்துக் கம்பத்தில் வளையத்துக்குப் பின்னால் பலகை இருக்கும். வலைப்பந்துக் கம்பமோ மொட்டையாக நிற்கும். உச்சியில் ஒரு வளையம், அதில் தொங்கும் வலை, அவ்வளவுதான். இரண்டு வளையங்களின் உயரமும் ஒன்றே: 3.05 மீட்டர், பழைய கணக்கில் பத்தடி. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு இந்தப் பத்தடியே சாட்சி.

ஆனால் இரண்டும் பினாங்குக்கு வந்து இறங்கியது வெவ்வேறு வாசலில். எந்தப் பெண் எந்தப் பந்தைத் தொட்டாள் என்பதை அவளது ஆசையைவிட அவள் படித்த பள்ளியின் வாசலே பெரும்பாலும் தீர்மானித்தது. தளத்துக்கு அப்பால் திடலில் கொட்டு முழக்கும் பேண்டுக் குழுவோ மூன்றாவதொரு வழியாக, பட்டாளத்தின் பின்னால் வந்தது. இந்த மூன்று வழிகளையும் தொடர்ந்து போய்ப் பார்ப்பதே இக்கட்டுரை.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.யின் பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் கூரைக்குள் ஆட ஓர் ஆட்டம் வேண்டும் என்று ஜேம்ஸ் நைஸ்மித் பீச் பழக்கூடை இரண்டை மாடித் தடுப்பில் அடித்துத் தொங்கவிட்டார். அடுத்த ஆண்டே பக்கத்து ஊரான நார்த்தாம்ப்டனில், ஸ்மித் பெண்கள் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரென்சன் அதைத் தன் மாணவியருக்குக் கற்றுக்கொடுத்தார். தளத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியை விட்டு நகரக் கூடாது என்றார். எதிராளி கையிலிருந்து பந்தைப் பிடுங்கக் கூடாது என்றும் விதி வைத்தார். 1893இல் அங்கே நடந்த ஆட்டத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை. பெண்கள் அதிகம் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. அந்த அச்சத்துக்கு ஏற்ப வளைத்த விதிகளாகவே அவை தோன்றுகின்றன. ஆனாலும் பெண்களை ஆட வைத்ததும் அவைதான்.

அதே பத்தாண்டில் பந்து அட்லாண்டிக்கைக் கடந்தது. சுவீடனிலிருந்து இங்கிலாந்து வந்த மார்ட்டினா பெர்க்மன் ஓஸ்டர்பெர்க் நடத்திய பெண்களுக்கான உடற்பயிற்சிக் கல்லூரியில் ஆட்டம் புல்தரைக்கு இறங்கியது. கூடை போய் வளையம் வந்தது. பலகை இல்லாமல் போயிற்று. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுவது தடையாயிற்று. கணுக்கால் தொடும் பாவாடையோடு அது முடியவும் முடியாது என்பார்கள். 1901இல் விதிகள் அச்சேறின. இதுதான் வலைப்பந்து.

பெயர் மட்டும் நெடுநாள் குழம்பியே கிடந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரை இதைப் 'பெண்கள் கூடைப்பந்து' என்றே அழைத்தார்கள். நாட்டுக்கு நாடு வேறுபட்ட விதிகளை ஒன்றாக்கி உலக அமைப்பைத் தொடங்க 1960இல் பிரதிநிதிகள் கூடிய இடம் இலங்கை.

பினாங்கில் இந்த ஆட்டத்துக்கு ஏற்ற வாசல்கள் முன்பே திறந்திருந்தன. லைட் சாலை கான்வெண்ட் 1852இல் தொடங்கியது. செயின்ட் ஜார்ஜஸ் பெண்கள் பள்ளி 1885இல் வந்தது, மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி 1892இல். இங்கிலாந்திலும் அதன் குடியேற்ற நாடுகளிலும் பயிற்சி பெற்ற ஆசிரியைகள் போன ஆங்கிலப் பெண் பள்ளிகளில் எல்லாம் வலைப்பந்தும் கூடவே போயிற்று. மதில் சூழ்ந்த வளாகம், ஓடியாடக் கொஞ்சம் இடம், இரண்டு கம்பம், ஒரு பந்து, ஏழு பேர். செலவும் குறைவு, பெற்றோரின் கவலையும் குறைவு. ஆட்டக்காரியின் மார்பிலும் முதுகிலும் எழுத்து பொறித்த துணி தொங்கும். 'சி' என்றால் நடு வட்டத்தில் நின்று ஆட்டத்தைத் தொடங்குபவள். 'ஜிஎஸ்', 'ஜிஏ' என்ற இருவர் மட்டுமே வளையத்துக்குள் பந்தைப் போடலாம். கையில் வந்த பந்தை மூன்று நொடிக்குள் கை மாற்ற வேண்டும். தளம் இன்றும் மூன்றாகவே பிரிகிறது. செண்டா பெரென்சன் இழுத்த கோடு ஜெலுத்தோங் தார்த்தளத்தில் இன்னும் அழியவில்லை.

கூடைப்பந்து வந்த வழி சீனா. ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்கள் 1895இல் தியன்ஜின் நகரில் அதை அறிமுகப்படுத்தினார்கள். சீனப் பள்ளிகள் அதைப் பற்றிக்கொண்டன. நன்யாங் என்று சீனர்கள் அழைக்கும் தென்கடல் நாடுகளுக்குப் பாடநூலும் ஆசிரியரும் சீனாவிலிருந்தே வந்த காலத்தில் பந்தும் சேர்ந்து வந்தது. பினாங்கு சீனப் பெண்கள் பள்ளி 1920இல் எழுந்தது. அதற்கு ஓராண்டு முன், 1919இல், தியோச்சூ சமூகத்தார் தங்கள் மூதாதையர் கோயிலில் ஹான் சியாங் பள்ளியைத் தொடங்கினார்கள். அந்தக் கோயில் இருப்பது சூலியா தெருவில், அதாவது தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கிய தெருவில்! பிற்பாடு வள்ளல் லிம் லியன் தெங்கின் ஆதரவோடு உயர்நிலைப்பள்ளி உருவாகி, ஜெலுத்தோங் அஞ்சல் எல்லைக்குள் அவர் பெயரிலேயே உள்ள சாலையில் இன்றும் நடக்கிறது.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. ஊருக்குப் பெயர் கொடுத்த ஜெலுத்தோங் மரத்தின் பால் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்ய அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. மலாயா அமெரிக்கர்களின் வாய்க்கு மெல்லக் கொடுத்தது. பதிலுக்கு அவர்கள் கண்டுபிடித்த பந்து, சீனாவைச் சுற்றிக்கொண்டு, இந்த ஊருக்கு வந்தது.

விடுதலைக்குப் பிறகு சீனப் பள்ளி வாசலே சட்டத்தால் இரண்டாகப் பிரிந்தது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின் அரசு உதவியை ஏற்றுப் பயிற்றுமொழியை மாற்றிக்கொண்ட சீன இடைநிலைப்பள்ளிகள் ஒருபுறம். மறுத்துத் தனித்து நின்றவை மறுபுறம். நாடு முழுக்க அப்படி நின்ற 60 தனிப்பள்ளிகளில் 5 பினாங்கு மாநிலத்தில் உள்ளன. ஹான் சியாங் அவற்றில் ஒன்று. இரு வகைப் பள்ளிகளிலும் கூடைப்பந்து தொடர்ந்தது. நாட்டின் பெண்கள் கூடைப்பந்து வெற்றியாளர் போட்டிக்கு லும் முன் சாக் கிண்ணம் என்று பெயர்; தேசிய அணியும் பெரும்பாலும் சீன மாணவியர் வழியாகவே வளர்ந்தது. தென்கிழக்காசிய விளையாட்டில் மலேசியப் பெண்கள் வாங்கிக் குவித்த கூடைப்பந்துத் தங்கங்களுக்கு அடித்தளம் இந்தப் பள்ளித் தளங்கள்தாம். 2015இலும் 2017இலும் வென்றவர்கள் 2019இல் பிலிப்பைன்ஸிடம் தங்கத்தை இழந்தார்கள்.

ஆங்கிலப் பள்ளிகள் 1970 முதல் படிப்படியாக மலாய் வழிக்கு மாறின. வலைப்பந்து அவற்றோடு மாறிச் சென்று 'போலா ஜாரிங்' ஆயிற்று. தமிழில் சொல்வது போலவே மலாயிலும் அதற்கு வலைப்பந்து என்றே பொருள். கான்வெண்ட் மதிலுக்குள் இருந்த ஆட்டம் தேசியப்பள்ளி மாணவியர் அனைவரின் ஆட்டமாக விரிந்தது. ஆசிய வலைப்பந்துப் போட்டி முதன்முதலில் 1985இல் நடந்தபோது வென்றது மலேசியா. 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில்தான் வலைப்பந்து முதல்முறையாகப் பதக்க ஆட்டமாயிற்று. 2017 தென்கிழக்காசிய விளையாட்டில் மலேசியா வலைப்பந்திலும் தங்கம் வென்றது. ஒரே ஆண்டு, ஒரே நாடு, ஒரே தாயின் இரண்டு ஆட்டங்களிலும் தங்கம். ஆனால் இரண்டு அணிகளின் பெயர்ப்பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு நாடுகள் போலத் தெரியும்.

தமிழ்ப் பெண் எங்கே நின்றாள்? ஜெலுத்தோங்கைச் சுற்றி ஜாலான் சுங்கை, இராமகிருஷ்ணா, குளுகோர் சுப்பிரமணிய பாரதி எனத் தமிழ்ப்பள்ளிகள் உண்டு. ஆறாம் ஆண்டு முடிந்ததும் அந்த மாணவி பெரும்பாலும் மலாய் வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறாள். ஆகவே அவள் கைக்கு வருவது வலைப்பந்து. பன்னிரண்டு வயதில் மாறும் வாசல் அவளுடைய ஆட்டத்தையும் மாற்றிவிடுகிறது.

இது பினாங்கின் தனிக்கதை இல்லை என்பதற்கு வேறு இரண்டு தமிழ் ஊர்களைப் பார்க்கலாம். சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கூடைப்பந்து வேர்விட்டது. அந்த மண்ணில் வளர்ந்த அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கி 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். யாழ்ப்பாணமோ பிரிட்டிஷ் முறைப் பள்ளிப் போட்டிகளின் வழியில் வலைப்பந்தை எடுத்துக்கொண்டது. புன்னாலைக்கட்டுவனில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம், 208 சென்டிமீட்டர் உயரத்தோடு, 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியப் பட்டம் வெல்லத் தோள் கொடுத்தார். அமெரிக்க மிஷன் 1824இலேயே உடுவிலில் பெண்கள் பள்ளி கண்ட மண் அது. அப்படியிருந்தும் அங்கே ஓங்கியது அமெரிக்கக் கூடைப்பந்து அல்ல. பள்ளியைக் கட்டியவரின் நாட்டைவிட, அக்கம்பக்கத்துப் பள்ளிகள் எதை ஆடின என்பதே வலிதாக இருந்திருக்கிறது. எதிரணி இல்லாமல் எந்த ஆட்டமும் வளராது.

இனி பேண்டு. மலாய் மொழியில் அதற்குப் பெயர் 'பஞ்சராகம்'. ஐந்து ராகம் என்று தமிழன் காதில் உடனே விழும் இந்தச் சொல், பித்தளைக் குழலையும் தோல் முரசையும் குறிப்பது வேடிக்கைதான். ஆனால் தமிழர்க்கும் பட்டாள வாத்தியத்துக்கும் பழைய உறவு உண்டு. சென்னைக் கோட்டையில் கும்பினிப் படையின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் முப்பதுக்கு மேற்பட்ட நோட்டுஸ்வரப் பாடல்களை இயற்றினார். பிரிட்டிஷ் நாட்டுப்பண்ணின் மெட்டும் அவற்றுள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கைக் காவல் காத்ததும் மதராஸ் காலாட்படைப் பிரிவுகள்தாம். சிப்பாய் லைன்ஸ் என்ற சாலைப் பெயர் இன்னும் இருக்கிறது. படை போன இடமெல்லாம் முரசும் குழலும் போயின. பிறகு காவல்துறை, நகர பேண்டு, சாரணர், கடைசியில் பள்ளி.

ஜெலுத்தோங்குக்குப் பக்கத்தில், இப்போது ஜாலான் பி. ரம்லி எனப்படும் தெருவில் வளர்ந்த பி. ரம்லிக்கு இசைக்குறிப்பு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர், பின்னாளில் பினாங்கு நகர பேண்டுக்குத் தலைமை ஏற்ற கமாருடின். மலாய்த் திரையிசையின் பெருங்கலைஞனுக்கு நோட்டுப் பாடம் பேண்டுக்காரரிடமிருந்து கிடைத்தது என்பதை இசை வரலாற்றாசிரியர்கள் இன்னும் அழுத்திச் சொல்லலாம்.

பட்டாள வாசனை இன்றுவரை போகவில்லை. பினாங்குப் பெண் பள்ளிப் பேண்டில் தண்டம் சுழற்றி முன்னால் நடக்கும் டிரம் மேஜரின் நடையே அதற்குச் சான்று. புறப்பாட நடவடிக்கையில் பஞ்சராகம் சீருடை இயக்கங்களோடு வைத்து எண்ணப்படுகிறது. வலைப்பந்தும் கூடைப்பந்தும் விளையாட்டுப் பிரிவில். 2011இல் வந்த 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' திட்டத்துக்குப் பிறகு ஒரே மாணவி இரண்டிலும் இருப்பது சாதாரணம். திங்கள்கிழமை தோளில் முரசு வார், புதன்கிழமை மார்பில் 'ஜிஏ'.

ஆனால் பேண்டு ஆட்டத்துக்கு வருவதில்லை. இதை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தோடு ஒப்பிட்டால்தான் வியப்பு புரியும். அங்கே சில நூறு பேர் வாழும் சிற்றூர்களில்கூட உயர்நிலைப்பள்ளிப் பெண்கள் கூடைப்பந்து ஊர்த் திருவிழாவாக நடந்தது. அணிக்கு ஆறு பேர்; தளம் இரண்டாகப் பிரிந்திருக்கும். பெரென்சன் விதியின் இன்னொரு பிள்ளை அது. 1968 மாநில இறுதியாட்டத்தில் யூனியன்-விட்டன் பள்ளி எவர்லி பள்ளியைக் கூடுதல் நேரத்தில் 113-107 என்று வென்றது. வென்ற பக்கம் டெனிஸ் லாங் 64 புள்ளி, தோற்ற பக்கம் ஜெனட் ஓல்சன் 76! அந்தப் போட்டிகளில் பள்ளி பேண்டும் அணிவகுப்பும் பந்தோடு பிரியாமல் சேர்ந்திருந்தன. 1993இல் அறுவர் ஆட்டம் கைவிடப்படும்வரை அந்தக் கொண்டாட்டம் நீடித்தது. காரணம் எளிது. அங்கே ஆட்டமும் பேண்டும் ஒரே ஊரின் ஒரே கூடத்தில் பிறந்தன. பினாங்கில் ஆட்டத்தளம் மதிலுக்குள் பிறந்தது, பேண்டு வீதியில் பிறந்தது. அதன் இடம் விளையாட்டு விழாத் தொடக்கம், பாடாங் கோத்தா லாமாவின் தேசிய தின அணிவகுப்பு, பேண்டுப் போட்டி. பள்ளி அணி மாவட்ட இறுதிக்குப் போனாலும் கூடவே போவது ஒரு வேன், ஓர் ஆசிரியை, இரண்டு தண்ணீர்ப் பெட்டி.

பேண்டைத் தாங்குவது தனிப் பாடு. ஆட்டத்துக்குப் பந்தும் சட்டையும் போதும்; பேண்டுக்கு ஒரு டிரம்போன் வாங்கவே பெற்றோர் ஆசிரியர் சங்கம் கூட்டம் போட வேண்டும். கேண்டீன் நாள் வரும்போது மாணவியர் கூப்பன் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அடுக்குமாடி வீடு வீடாக ஏறுவார்கள். நாசி லெமாக், மீ கோரெங், வடை, ஐஸ் கச்சாங் என்று கூப்பனுக்கு விற்கும் காசு முரசுத் தோலுக்கும் கிளாரினெட் நாணலுக்கும் போகும். கருவிகள் மாணவிக்குச் சொந்தமில்லை. படிவம் ஐந்து முடித்துப் போகும் அக்காள் தன் குழலை வாய்ப்பகுதியைத் துடைத்துத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுப் போவாள். கடலோர ஈரத்தில் பெட்டிக்குள் பஞ்சு பூசணம் பிடிக்கும்; பிஸ்டனுக்கு எண்ணெய் விடாவிட்டால் ஒரே விடுமுறையில் ஒட்டிக்கொள்ளும். இந்த வீட்டு வேலைகளையும் பேண்டுப் பெண்கள் பயிற்சியாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

இடம் குறுகிய நகரப் பள்ளியில் தளமும் திடலும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கும். மாலையில் இரண்டு பயிற்சியும் ஒரே நேரத்தில் நடந்தால் நடுவரின் விசில் முரசில் அமுங்கிப்போகும். அப்போது ஓர் ஆசிரியை தளத்து ஓரத்தில் நின்று கையை உயர்த்துவார். பெரிய முரசுக்காரி குச்சியைத் தோலின் மேலேயே நிறுத்திப் பிடிப்பாள். கடைசிக் கால் பகுதி ஆட்டம் முடியும்வரை பேண்டுக் குழு அங்கேயே, வரிசை கலையாமல், கருவிகளோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.